டிசம்பர் மாதச் சூரியன்

நான்கு வருஷம் என்னோடு ஒரே அறையில் இருந்த வருங்கால டாக்டருக்கு,

கல்லூரி நூலகத்தில் உன் ஆய்வேட்டைப் படித்தேன். வட துருவத்துப் பனித்தீவு ஒன்றை இருபத்திரண்டு வருஷம் ஆண்ட வெள்ளைக்கார ஆளுநரின் கதை. குமாஸ்தாவாகப் போனவன், அந்த ஊர் வேட்டைக்காரர்கள் வரைந்த வரைபடங்களில் தன் கையெழுத்தைப் போட்டு அனுப்பியே ஆளுநரானான் என்று எழுதியிருக்கிறாய். எழுதும்போது உனக்குக் கை கூசவில்லையா?

இதே ஆளுநரைப் பற்றிய என் ஆய்வைப் பாதியில் விட்டு, பிரசவத்துக்கு நான் நத்தம் கிளம்பியபோது, "நோட்டை எங்கிட்ட குடுத்துட்டுப் போடி, பத்திரமா வச்சிருக்கேன்" என்றாய். பத்திரமாகத்தான் வைத்திருக்கிறாய். ஒரு வரிகூட மாறவில்லை.

அறுபத்தெட்டாம் பக்கத்தைத் திறந்து பார். டிசம்பர் மாலைகளில் ஆளுநர் கடற்கரையில் நின்று சூரியன் மறைவதைப் பார்ப்பாராம். திண்டுக்கல் மலைக்கோட்டைக்குப் பின்னால் பொழுது சாய்வதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். ஏதோ ஆசையில் கற்பனையாக எழுதிவிட்டேன். அந்தத் தீவில் டிசம்பர் முழுக்கச் சூரியன் உதிப்பதே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதைத் திருத்தி எழுதிய இரண்டாவது நோட்டு என்னிடம் இருக்கிறது.

வியாழக்கிழமை உன் வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம். மூன்று வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: "மேடம், டிசம்பர்ல அங்க எத்தன மணிக்குப் பொழுது சாயும்?"

முன்கூட்டியே சொல்லிவிட்டேன். கொடுத்துவிட்ட ஏட்டை இனி உன்னால் திருத்த முடியாது. வியாழன் வரை நினைத்துக்கொண்டே இரு.

இப்படிக்கு,
வரைபடம் வரைந்தவள்