குழாயில் கட்டிய கயிறு

என் தங்கச்சியைக் கட்டிய மாப்ளைக்கு,

நீ விழுந்த வில்லாபுரத்து அடுக்குமாடியில் மறுபடியும் தேனீ கூடு கட்டியிருக்கிறது. வீட்டுக்காரர் எனக்குத்தான் போன் போட்டார். "மருந்து அடிச்சுக்கங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். மலையில் தேனெடுத்தே வாழ்ந்த நம் பளியர் இனத்தில், தேனீயைக் கொல்லச் சொன்ன முதல் பளியன் நானாகத்தான் இருப்பேன். வெட்கமாகக்கூட இல்லை, மாப்ள.

அன்றைக்கு நான் மேலூரில் கல்குவாரி வேலையில் இருந்தேன். நடந்ததை அந்த அடுக்குமாடிக் காவல்காரர்தான் சொன்னார். வீட்டில் விசேஷம், கூட்டை உடனே எடுக்க வேண்டும் என்று அவசரப்படுத்தியிருக்கிறார்கள். "சாயங்காலம் மச்சான் வந்துரட்டும்" என்றாயாம் நீ. "இம்புட்டுப் பெரிய இரும்புக் குழாய் இருக்கு, அதுல கயித்தைக் கட்டிட்டு இறங்குய்யா. மச்சான் எதுக்கு?" என்று சிரித்தார்களாம். குழாய் உள்ளே துருப்பிடித்திருந்தது. முறிந்துவிட்டது.

அவர்களுக்கு எப்படித் தெரியும்? மலையில் தேனெடுக்க ஒருவன் பாறையில் இறங்கினால், மேலே கயிறு பிடிப்பவன் அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். சொந்த அண்ணன் தம்பிகூட ஏதோ ஒரு கோபத்தில் கையை விட்டுவிடலாம். மச்சான் விடமாட்டான், தங்கச்சி தாலியல்லவா? நாம் எத்தனை சண்டை போட்டிருக்கிறோம்! பேச்சுவார்த்தை இல்லாத நாளில்கூட நீ இறங்கினாய், நான் பிடித்தேன். அந்தக் குழாய்க்கு எந்தத் தங்கச்சி இருக்கிறாள்?

செய்தி கேட்டு மலையிலிருந்து ஓடி வந்த என் தங்கச்சி அழவில்லை. "கயிறு யாரு கையில இருந்துச்சுண்ணே?" என்று மட்டும் கேட்டாள். இன்றைக்கும் அதையேதான் கேட்கிறாள்.

காட்டுக்குள் தேனெடுக்கக் கூடாது என்று ஆன பிறகுதானே இந்த ஊருக்குப் பிழைக்க வந்தோம். கடைசியில் உன்னை இங்கேயே புதைத்தோம். பக்கத்தில் ஒரு மரம்கூட இல்லை.

உன் மகள் வளர்ந்துவிட்டாள். ஒற்றைப் பிள்ளை. அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. நாளைக்கு அவளைக் கட்டுகிறவன் தடையை மீறிப் பாறையில் இறங்கினால், அவனுக்குக் கயிறு பிடிக்க யார் இருக்கிறார்கள்?

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நம் மலையில் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க மாட்டேன். தேன் கடையில்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஒருவனாகப் பார்த்துக் கட்டிவைப்பேன். நீ என்னைத் திட்டினாலும் சரி.

இப்படிக்கு,
உன் மகளின் தாய்மாமன்