சோறு வடிக்கும் நேரத்துக்கு ஒரு குரல்

பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து என்னோடு ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்து, பிறகு என் அண்ணையைக் கட்டி எனக்கு மச்சாளாகவும் வந்த கனகத்துக்கு,

நீ போன பிறகும் உன் குரலை நான் நாளாந்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆவியும் இல்லை, பேயும் இல்லை. என் பேத்தி துளசியின் கொம்பியூட்டருக்குள் நீ சொல்லி வைத்துவிட்டுப் போன குரல். அந்தக் குரலை இப்போது எடுத்துவிட்டோம் மச்சாள். எடுக்கச் சொன்னது நான்தான். செய்தது சரியோ பிழையோ என்று மனம் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உன்னை அறியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் முதலில் இருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள். நாயாற்றுக் கடற்கரையில் எங்கள் வாடிக்குள், அதுதான் வலையும் சாமானும் வைக்கும் மீன்பிடிக் கொட்டிலுக்குள், ஒரு சி.பி. செற் என்கிற வானொலிப் பேச்சுப் பெட்டி இருக்கிறது. கடலுக்குப் போகும் படகுகளிலும் அதே மாதிரிச் சின்னச் செற்றுகள். கைபேசிக்குச் சிக்னல் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டால், கரையோடு கதைக்க அது ஒன்றுதான் வழி. அவர்கள் "கரை, கரை" என்று கூப்பிடுவார்கள். மைக்கில் இருக்கும் பித்தானை அழுத்தி, "கரை கேக்குது, சொல்லுங்கோ" என்று நீ சொல்வாய். எஞ்சின் நின்றாலும், வலை அறுந்தாலும், காற்று மாறினாலும் முதலில் தெரிவது உனக்குத்தான்.

"கேக்குது எண்டு சொல்லிப்போட்டு எழும்பக்கூடாது மச்சாள்" என்று எத்தனை தரம் என்னைக் கண்டித்துப் பேசியிருப்பாய்! கடைசிச் சண்டைக் காலத்தில் பதுங்குகுழிக்குள் கிடந்து நாங்கள் கூப்பிடாத தெய்வம் இல்லை, கூப்பிடாத மனிதரும் இல்லை. யாருக்குக் கேட்டதோ தெரியாது. அதனால்தானா செற்றுக்கு முன்னால் இருந்த அந்தக் கதிரையை விட்டு நீ எழும்பாமல் இருந்தாய்? நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், "போடி, எனக்கு வேற வேலை இல்லை" என்றுதான் சொல்லியிருப்பாய்.

உன் விரல் மூட்டுகள் வீங்கி, செற்றில் சனல் மாற்றும் குமிழைத் திருப்ப முடியாமல் போன நேரத்தில்தான் துளசி வந்தாள். என் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை, அவள் கெட்டிக்காரி. அடுப்படிச் சுளகின் அகலம்கூட இல்லாத ஒரு பழைய லப்டொப்பைக் கொண்டுவந்து செற்றோடு வயரால் பொருத்தினாள். சனல்களை அதுவே ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும், பேச்சுக் கேட்கும் இடத்தில் நிற்கும். நாங்கள் விரலால் அழுத்துகிற பித்தானை அதுவே அழுத்தும். அழுத்தும்போது செற்றுக்கும் லப்டொப்புக்கும் நடுவில் இருக்கும் சின்னப் பெட்டி "டிக்" என்று ஒரு சத்தம் போடும். கிளிநொச்சியில் வேலைசெய்யும் இடத்தில் இருந்துகொண்டே இணையத்தால் துளசி எல்லாவற்றையும் கேட்பாள், கதைப்பாள்.

"அப்ப என்ர வேலை போச்சு, என்ன?" என்று கேட்டாய்.

"இல்லை, கனகம் அம்மம்மா. நீங்கள் எழும்புற நேரம் மட்டும் இது பதில் சொல்லும்."

"நான் எங்கை எழும்புறன்? சோறு வடிக்கத்தான் எழும்புவன்."

"சரி, அந்த நேரத்துக்கு உங்கட குரலையே போட்டுவிடுவம். ஒருக்காச் சொல்லுங்கோ."

நீ தொண்டையைச் செருமிக்கொண்டு, சீலைத் தலைப்பையும் சரிசெய்துகொண்டு, ஏதோ படம் எடுக்கப்போவது போல நிமிர்ந்து இருந்து சொன்னாய்: "கரை கேக்குது, சொல்லுங்கோ." அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் சோறு குழைந்து போனது.

அவ்வளவுதான் அந்தக் குரல். பானையை இறக்கி, கஞ்சியை வடித்து, திரும்பிவந்து கதிரையில் இருக்கும் வரைக்கும் போதுமென்று சொன்ன சொல்.

அந்தக் கதிரை வெறுமையான பிறகும் குரலை ஒருவரும் நிறுத்தவில்லை. நிறுத்த மனம் வரவில்லை. காலையில் துளசி கிளிநொச்சியில் இருந்து கேட்பாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் வாடிக்குப் போய் இருப்பேன். யார் இருந்தாலும் முதலில் பதில் சொல்வது நீதான். "செத்தும் இந்த மனிசிக்கு வாய் ஓயேல்லைப் பார்" என்று கடலுக்குப் போகும் பெடியள் பகிடி பண்ணினார்கள். ஆனால் உன் குரல் கேட்டால்தான் அவர்களுக்குக் கடலில் கால் ஊன்றியது மாதிரி.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அண்ணை இப்போது கடலுக்குப் போவதில்லை. அவருடைய படகு மணலில் ஏற்றிக் கிடக்கிறது, செற்றும் பற்றரியும் அதிலேயே இருக்கின்றன. பின்னேரங்களில் மெல்ல அதற்குள் ஏறி, செற்றைப் போட்டு, "கரை, கரை" என்பார். கல்லெறி தூரத்தில் இருக்கும் வாடிக்குள் "டிக்" என்று கேட்கும். நீ பதில் சொல்வாய். அவர் வேறொன்றும் கதைக்காமல் செற்றை நிறுத்திவிட்டு இறங்கிவிடுவார். நான் கண்டதை அவருக்குக் காட்டிக்கொள்ளவில்லை. புருசன் பெண்சாதி கதைக்குள் நான் ஏன் போகவேண்டும்?

இப்படியே போயிருக்கும், தேவனுக்கு அப்படி நடக்காமல் இருந்திருந்தால்.

தேவனை உனக்குத் தெரியும், எங்கள் வாடிக்கு அடுத்த வாடிக்காரன். சோழகக் காற்று பலமாய் வீசிய ஒரு முற்பகலில் அவனுடைய எஞ்சின் நின்றுவிட்டது. எங்கள் கரையில் சோழகம் கடலுக்குள்தான் தள்ளும். தனி ஆள். "கரை, கரை" என்று கூப்பிட்டிருக்கிறான். "கரை கேக்குது, சொல்லுங்கோ" என்று நீ சொல்லியிருக்கிறாய். நின்ற இடம், காற்று, எஞ்சின் எல்லாவற்றையும் அவன் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறான். அந்த நேரம் பார்த்து இணையம் அறுந்திருந்தது. துளசிக்கு ஒன்றும் போகவில்லை. வாடிக்குள் செற்றும் லப்டொப்பும் மட்டும், ஆள் இல்லை. மத்தியானத்துக்குப் பிறகு நான் போய்ச் சேர்ந்தபோது செற் அமைதியாக இருந்தது. அமைதி என்றால் நல்லது என்றுதானே நினைப்போம்?

பொழுதுபடக் கரைக்குத் திரும்பிய வேறொரு படகுதான் அவனைக் கண்டு கட்டி இழுத்து வந்தது. யாருக்காவது தெரியட்டும் என்று போட்டிருந்த சேட்டைக் கழற்றி வீசிக்கொண்டு நின்றானாம்.

அடுத்த நாள் வந்து வாசலில் இருந்தான். ஏசுவான் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லாய் இருந்திருக்கும்.

"குரல் பழசு, ஆனா பின்னால ஆள் இருக்கு எண்டுதான் மாமி நினைச்சனான். கரைக்குக் கேட்டிட்டுது எண்டபடியா வேற படகு ஒண்டையும் கூப்பிடேல்லை. பற்றரி இறங்கிப்போகும் எண்டு செற்றையும் நிப்பாட்டிப்போட்டன்." தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னான்: "நம்பி இருந்திட்டன் மாமி."

மச்சாள், அந்த ஒரு சொல் என் நெஞ்சில் மீன்முள் மாதிரி நிற்கிறது.

துளசி விழுந்தடித்துக்கொண்டு வந்தாள். லப்டொப்பில் பதிவாகியிருந்ததைப் போட்டுக் கேட்டோம். தேவனின் குரல், ஒரு "டிக்", உன் குரல், மறுபடி அவன். "சரி, அப்ப நான் இருக்கிறன்" என்று முடித்திருந்தான். அதன் பிறகு வெறும் இரைச்சல். துளசி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ரெண்டாவது சிம் போடுறன் அம்மம்மா. இணையம் அறுந்தா உங்கட போனுக்கு மணி அடிக்கப் பண்ணுறன்."

"எல்லாத்தையும் போடு மோனை. ஆனா கேக்குது எண்ட அந்தச் சொல்லை எடு."

"அது கனகம் அம்மம்மாவின்ர குரல். அழிக்கச் சொல்லுறீங்களோ?"

"அழிக்க வேண்டாம். வேற இடத்தில வை. கடலில நிக்கிறவனுக்குப் பதில் சொல்லுற இடத்தில அது வேண்டாம்."

உன்னைப் பிழை சொல்லவில்லை. நீ உயிரோடு இருந்திருந்தால் வடிக்கிற பானையைப் போட்டுவிட்டு ஓடிவந்திருப்பாய். அது எனக்குத் தெரியும். தெரிந்தாலும், அண்ணையிடம் எப்படிச் சொல்வது? இரண்டு நாள் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த இடத்துக்குப் போய்ச் சொன்னேன். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"தேவன்ர பெட்டைப்பிள்ளை எத்தினையாம் வகுப்பு?" என்று கேட்டார்.

"மூண்டு."

வலை ஊசியை இழுத்து முடிச்சுப் போட்டார். "எடுங்கோ. நான் இல்லாத நேரம் பாத்து எடுங்கோ."

அவர் கடைக்குப் போன நேரம் பார்த்துத் துளசி எடுத்தாள். ஆள் இல்லாத நேரத்துக்குப் புதுக் குரல் வேண்டுமே, "நீங்களே சொல்லுங்கோ" என்று என்னைப் பிடித்து இருத்தினாள். "கரையில இப்ப ஆள் இல்லை..." என்று தொடங்கிவிட்டு நிறுத்தினேன். "பிள்ளை, ஆள் இல்லை எண்டு சொல்லுறதுக்கு நான் இருக்கிறன்தானே?" என்று கேட்டேன். அத்தனை நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள். கடைசியில் சொல்லி முடித்தேன்: "கரையில இப்ப ஆள் இல்லை. விடாமல் கூப்பிடுங்கோ. பக்கத்துப் படகையும் கூப்பிடுங்கோ."

உண்மைதான். ஆனால் நடுக்கடலில் நிற்கிறவனுக்கு ஆள் இல்லை என்று சொல்லவா எனக்கு ஒரு குரல்? நீயென்றால் வேறு சொல் கண்டுபிடித்திருப்பாயோ?

நேற்றுப் பின்னேரம் வாடிக்குப் போனேன். கதவைத் திறக்கும்போது அண்ணை படகுக்குள் ஏறுவது தெரிந்தது. அவருக்குத் தெரியும், நீ அங்கே இல்லை என்று. தெரிந்தும் ஏறினார். "கரை, கரை." நான் மைக்கை எட்டுவதற்கு முதல் "டிக்" என்றது. என் குரல் போனது. என் அண்ணைக்கு என் வாயாலேயே ஆள் இல்லை என்று சொல்வதை நின்று கேட்டேன், மச்சாள். இனி இறங்கிவிடுவார் என்று நினைத்தேன்.

இறங்கவில்லை. அந்தக் குரல் சொன்னபடியே செய்தார். விடாமல் கூப்பிட்டார். "கரை, கரை."

நான் உன் கதிரையில் இருந்து மைக்கை எடுத்துப் பித்தானை அழுத்தினேன். "கரை கேக்குது, சொல்லுங்கோ அண்ணை."

வெறும் இரைச்சல். பிறகு அவர் குரல்.

"ஒண்டுமில்லை. சோறு வடிச்சாச்சோ எண்டு கேட்டன்."

"ஓம் அண்ணை. வாங்கோ, சாப்பிடுவம்."

உன் குரலைத் துளசி என் போனில் போட்டுத் தந்திருக்கிறாள். நான் இன்னும் திறந்து கேட்கவில்லை. அதை அண்ணையிடம் கொடுக்கவா, விடவா? கொடுத்தால் படகுக்குள் ஏறமாட்டார். ஏறாவிட்டால் என்னைக் கூப்பிடவும் மாட்டார். ஒருநாள் கனவிலாவது வந்து சொல்லு.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த வாடியில் இனி ஆள் இருந்தால்தான் "கேக்குது" என்ற சொல் வரும். பொழுது சாயும் நேரத்தில் அந்த ஆள் நானாக இருப்பேன். சோற்றை வடித்து வைத்துவிட்டுத்தான் வாடிக்கு வருவேன், நடுவில் எழும்பமாட்டேன்.

உன் கதிரையில் இருந்துகொண்டு,
அண்ணையின் தங்கச்சி, உன் மச்சாள்
பூமணி
நாயாறு