மேலிருந்து பார்த்தால் பச்சை

அன்புள்ள சூயுன் அக்காவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல ரூஹே எழுதுவது.

இன்று காலை கடைக்கு வெளியே புல்விரிப்பின் மேல் ஒரு நத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய், தின்ன ஒன்றும் கிடைக்காமல் போன வழியே திரும்பி வந்தது, அதைத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன். அம்மா கரண்டியால் பானையைத் தட்டி, "நத்தையை அப்புறம் விசாரி, முதல்ல உங்க அக்காவை விசாரிடி" என்றாள். ஆகவே கேட்கிறேன், துர்பானின் வறண்ட பாலைக்காற்றில் உன் மூக்கில் இன்னும் ரத்தம் வருகிறதா, இரவில் கட்டில் பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்கிறாயா. நாங்கள் நலமாக இருக்கிறோம், துணிதான் காயவில்லை. மழைக்கு அம்மாவின் விரல்கள் வீங்கிவிட்டதால் பேனா என் கையில் இருக்கிறது. போனில் எனக்குப் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும், அதனால் அம்மாவின் பேச்சுக்கு நடுவே என்னுடையதும் கலந்து வரும், பொறுத்துக்கொள்.

மழை நிற்பதாகத் தெரியவில்லை. யுவான் ஆற்றுப் பக்கமிருந்து மூட்டம் வெள்ளையாக எழுந்து வருகிறது, எதிர்க்கட்டடம் பாதி கரைந்து நிற்கிறது, சாப்பிட வருகிறவர்கள் அதற்குள்ளிருந்து குடையோடு முளைத்து வருகிறார்கள். போன வருட வெள்ளத்துக்குப் பிறகு அம்மாவுக்கு அடிக்கடி ஒரே கனவு. நம் வீடு சத்தமில்லாமல் மிதந்து ஆற்றில் இறங்குகிறதாம், குழம்புப் பானை முன்னால் போகிறதாம், நான் அகப்பையால் துடுப்புப் போடுகிறேனாம், நீ கரையில் காய்ந்த மணலில் நின்று எங்களைப் பார்த்து ஏதோ சொல்கிறாயாம், அது மட்டும் காதில் விழுவதில்லையாம். என்ன சொன்னாய் என்று உன்னையே கேட்கச் சொன்னாள்.

நம் குடியிருப்பின் முற்றத்தை மழை உறிஞ்சும் முற்றமாக மாற்றப்போகிறார்கள், அதை அம்மா போனில் பாதிதான் சொல்லியிருப்பாள். வசந்தத்தில் பறக்கும் கேமராவைவிட்டு மேலிருந்து படம் எடுக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும், குடியிருப்புக் கமிட்டி பாங் பெரியம்மா வீடு வீடாக வந்து, "மேலேருந்து பார்த்தா பச்சையா தெரியணும், குப்பைமேடு மாதிரி தெரிஞ்சுது, என் முகத்தை நான் எங்கே கொண்டு வெச்சுக்கறது" என்று சொல்லிவிட்டுப் போனாள். யாராவது பார்க்க வந்தால் நம் ஆட்கள் எப்படி என்று உனக்குத் தெரியாதா. செங்கல் குவியல் மேல் பச்சை வலை, சைக்கிள் கொட்டகை மேல் பூந்தொட்டி, பக்கத்து வீட்டு லெய் மாமா தன் வாசல் சிமெண்டு தெரியாமல் வெங்காயத்தாள் வளர்க்கும் பெட்டிகளை அடுக்கிவிட்டார். யாரையும் கேட்காமல் மேசை போட அம்மா சிமெண்டு பூசிய இடம் இருக்கிறதே, பார்த்தால் உடைத்துவிடுவார்கள் என்று பயந்து, அதன் மேல் பிளாஸ்டிக் புல்விரிப்பு வாங்கிப் போட்டாள். ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகும் அதை எடுக்கவில்லை. கால் ஜில்லென்று இல்லை என்று சாப்பிடுகிறவர்களுக்கும் பிடித்துவிட்டது.

வடிவமைப்பு அலுவலகத்திலிருந்து வரும் குவாங் அக்கா நம் கடையில்தான் மாட்டிறைச்சி நூடுல்ஸ் சாப்பிடுவாள், மிளகாய் இரட்டிப்பாகக் கேட்பாள், அதனாலேயே அம்மாவுக்கு அவளைப் பிடிக்கும். நேற்று மேசைமேல் வரைபடத்தை விரித்து எனக்குச் சொன்னாள். எவ்வளவு மழை விழும், தரை எவ்வளவு பெரியது, அந்தத் தரை எவ்வளவைக் குடிக்காமல் விரட்டிவிடும், மூன்றையும் பெருக்கினால் ஓடிவரும் தண்ணீர் தெரியும், அதற்குத் தகுந்த பள்ளம் வெட்டிச் செடி வைப்பார்கள். பத்துத் துளி விழுந்தால் கூரையும் சிமெண்டும் ஒன்பதை விரட்டிவிடுமாம், புல் ஒன்றோ இரண்டோதான். மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துப் போட்ட அந்த வரைபடத்தில் நம் முற்றம் ஏறக்குறைய முழுவதும் பச்சை. "உங்க முற்றம் தங்கமான முற்றம் தங்கச்சி, விழறதைத் தானே குடிச்சிடும், சின்னப் பள்ளமே போதும்" என்றாள். அவள் கால் அந்த விரிப்பின் மேல்தான் இருந்தது. நான் பக்கத்து மேசையைத் துடைக்கப் போய்விட்டேன்.

அவள் போனதும் அம்மாவிடம் சொன்னேன். விரிப்புக்கு அடியில் சிமெண்டு என்று தெரியாமல் வெட்டும் சின்னப் பள்ளம் நிரம்பினால் தண்ணீர் போன வருடம் போலவே நேராக நம் வீட்டுக்கும் லெய் மாமா வீட்டுக்கும்தான் வரும். அம்மா மாவு பிசைவதை நிறுத்தவில்லை. "ஊமைப் பொண்ணு வாயைத் திறந்தா முதல் மண்ணு அம்மா சோத்துலதானா? தண்ணி வந்தா துடைச்சுக்கலாம்டி. மேசை போட இடம் போச்சுன்னா எதைத் துடைக்கிறது?" என்றாள். பிறகு பிசைந்து முடித்த மாவையே திரும்பவும் பிசைந்தாள். போன வருட வெள்ளத்தில் லெய் மாமா தன் தையல் இயந்திரங்களைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, தான் முழங்கால் தண்ணீரில் நின்றபடியே விடிய விடிய இருந்தது அவளுக்கும் நினைவுக்கு வந்திருக்கும். இப்போது உன் யோசனையைக் கேட்கச் சொல்கிறாள். இந்தக் கடிதத்தோடு அனுப்பும் பொட்டலம் உன்னிடம் வந்து சேர்வதற்குள் இங்கே பள்ளம் வெட்டி முடித்துவிடுவார்கள் என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் கேள் என்கிறாள்.

பொட்டலத்தில் புகைபோட்ட டோஃபு, காய்ந்த மிளகாய், உலர்ந்த முள்ளங்கி இருக்கின்றன. அறைத்தோழிகளுக்கு முள்ளங்கியைக் கொடு, டோஃபுவை நீ வைத்துக்கொள் என்கிறாள். பேரிக்காயைக் கற்கண்டோடு வேகவைத்துக் குடி, தொண்டைக்கு நல்லது. மிளகாய் தின்னாத பையன் யாரையாவது பிடித்திருந்தால் கூட்டி வா, திட்டமாட்டாள், பழக்கிவிடுவாளாம். நீ படுக்கும் இடம் எப்போதும் உலர்ந்திருக்கட்டும், உன் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கட்டும். புத்தாண்டு ரயில் சீட்டை இப்போதே பார்த்துவை, போன தடவை மாதிரி நின்றுகொண்டே வராதே.

இப்படிக்கு,
உன் அம்மா

அக்கா, இதற்குக் கீழே உள்ளது என்னுடையது மட்டும். கடிதத்தை மடிக்கும்போது குவாங் அக்கா வந்தாள், நாளைக்கு வெட்டத் தொடங்குகிறார்கள், கடைசியாக ஒரு தடவை பார்த்துப்போக வந்தேன் என்று சொல்லி நூடுல்ஸ் சாப்பிட உட்கார்ந்தாள். அம்மா பானைப் பக்கம் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன், "இன்னும் மிளகாய் வேணுமா" என்றுதான் வந்தது. அப்புறம் பக்கத்து மேசையைத் தூக்கி ஓரமாக வைத்து, விரிப்பைச் சுவரோரத்திலிருந்து சுருட்டினேன், சாம்பல்நிறச் சிமெண்டு தெரிந்தது. அதன் மேல் ஒரு குவளைத் தண்ணீரைக் கவிழ்த்தேன். அது எங்கும் நிற்காமல் நேராக நம் வாசற்படிக்கு ஓடியது. குவாங் அக்கா சாப்பிடும் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்துவிட்டு அதையே பார்த்தாள், பிறகு முற்றம் முழுவதையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அம்மா எப்போது திரும்பினாள் என்று தெரியவில்லை, கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள், என்னைத் திட்டவில்லை. நான் அடுத்த மேசையையும் நகர்த்தி, மீதி விரிப்பைச் சுருட்டினேன்.