தோப்புக்குள் போன அடிபம்பு

12.6.87

அண்ணனுக்கு,

நீ மதராஸ் போயிருந்தபோது இங்கே நடந்ததை ஊரார் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டாம். உன் வாசலுக்கு வர மனமில்லாததால் எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் அடிபம்பு போட்டாகிவிட்டது என்று கையெழுத்துக் கேட்டு நீ அனுப்பிய காகிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. செவ்வாய்க்கிழமை அதிகாரி ஜீப்பில் வந்து, "பம்பு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"ஊராட்சித் தலைவரு தென்னந்தோப்புல இருக்கு சார். வாங்க, காட்டுறேன்."

"அவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"எங்கண்ணன்."

அவர் என்னோடு தோப்புக்கு வந்தார். தோப்பில் அண்ணி பம்படியில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

எங்கள் தெருவில் அடியில் பாறை, தண்ணீர் வராது என்று நீ சொன்னதை நம்பினேன். பழைய கிணற்றிலேயே மொண்டு குடித்தோம். வாந்திபேதி வந்த அந்த வாரத்தைப் பற்றி எழுத என்னால் முடியாது. ஆனால் துக்கத்துக்கு வந்த அன்று நீ என் வீட்டுச் செம்பைத் தொடவில்லை. கடையிலிருந்து சோடா வாங்கி வரச் சொன்னாய். எங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உனக்கு முன்பே தெரியும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"இம்புட்டு நாள் கட்டிக் காத்த மானத்த வாங்கிட்டியே தாயி" என்று அண்ணி அழுதாள். அழட்டும்.

அடுத்த மாதம் எங்கள் தெருவிலேயே பம்பு போடுகிறார்களாம். முதல் குடம் நான்தான் பிடிக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சொல்கிறார்கள். பிள்ளை இருக்கிறவர்கள் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் தங்கை