நான் ஒளித்து வைத்த உன் கம்பு

என் பொன்னு அக்கா,

நீ போய் ஐந்து வருஷம் ஆகிறது. இப்போதுதான் உனக்கு எழுதத் துணிகிறேன். எழுதுவதும் லேசாக இல்லை, பேனாவைப் பிடித்தால் பெருவிரல் மடங்க மாட்டேன் என்கிறது. ஆமாம் அக்கா, எனக்கும் அதேதான். முடக்குவாதம். உனக்குத் தொடங்கின மாதிரியே வலது கையில்தான் தொடங்கியிருக்கிறது.

உன்னைக் கொட்டாரம் ஊருக்கு, என் வீட்டுக்குக் கூட்டி வந்த நாள் நினைவிருக்கிறதா? பள்ளிக்கூட ஆபீசில் இருபது வருஷம் டைப் அடித்த கை, ஒரு தம்ளர் காப்பியைத் தூக்க முடியாமல் நடுங்கியது. நீ கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவள். எனக்கோ என் வீட்டுக்காரர் இறந்த பிறகு வீடு வெறிச்சென்று கிடந்தது. இரண்டு பேரும் ஒன்றாக இருந்துவிடலாம் என்று நினைத்தேன். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன், சர்ச்சில் போடும் அந்த அசன விருந்து வரைக்கும்.

சபை அசனத்துக்கு முந்தின நாள் பெண்கள் எல்லாரும் கோயில் வளாகத்தில் உட்கார்ந்து விருந்துக்குக் காய் அரிவோமே, அதற்கு நீயும் வருவேன் என்று அடம் பிடித்தாய். ஊன்றி நடக்கிற கம்பைத் தூணில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள், மூன்று மணி நேரம் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் அரிந்தாய். நீ அவ்வளவு சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. கிளம்பும்போது கம்பை மறந்து ஆட்டோ வரைக்கும் நடந்தே போனாய். எல்லாரும் பார்த்தார்கள். கம்பை எடுத்துக்கொண்டு பின்னால் வந்த நானும் பார்த்தேன்.

மறுநாள் அசனப் பந்திக்கு நீ வரவில்லை. நாலு நாள் கட்டிலை விட்டு எழவில்லை.

அதற்கு முன்பே எலும்பு டாக்டர் சொல்லியிருந்தார், வீக்கம் குறைந்துவிட்டது, ரத்தப் பரிசோதனையும் பரவாயில்லை, இனி நடக்கலாமே என்று. அவர் அனுப்பிவைத்த மனநல டாக்டர், மனசில் பயம் இருக்கிறது என்று ஒரு மாத்திரை எழுதினார். இரண்டு பேரும் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நடுவில் அலைந்தவள் நான்தான். 'மனசு' என்று அவர் சொன்னதை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் 'நடிப்பு' என்று ஆக்கிவிட்டேன். நான் டீச்சராக இருந்தவள் இல்லையா, எதற்கும் சரி அல்லது தப்பு என்று போட்டுத்தான் பழக்கம்.

அசனத்துக்குக் காய் அரிய முடிகிறவளுக்கு வீட்டில் எழுந்திருக்க முடியாதா என்று கேட்டேன். நீ கோபப்படவில்லை.

"ஏட்டி, எனக்க காலு உனக்க கிட்ட பொய் சொல்லுமா?" என்றாய்.

நான் உடனே ஸ்டூலைப் போட்டு ஏறி, கம்பை லாஃப்டில் தூக்கிப் போட்டேன். கம்பு இல்லாவிட்டால் நீ நடந்துவிடுவாய் என்று நிஜமாகவே நம்பினேன். அதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. உனக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் அன்று நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

கம்பை நீ திரும்பக் கேட்கவே இல்லை. சுவரைப் பிடித்துப் பிடித்துக் குளியலறைக்குப் போனாய். ஒரு நாள் அங்கே விழுந்தாய். எலும்பு ஒன்றும் முறியவில்லை, ஆனால் அதற்குப் பிறகு நீ நடக்கவில்லை. ஒன்றரை வருஷம் கட்டிலிலேயே கிடந்தாய், கடைசியில் நெஞ்சில் சளி கட்டி மூச்சு நின்றது. சமாதானமாகப் போனாள் என்று சபையில் சொன்னார்கள். உனக்கு என்ன சமாதானம் இருந்தது அக்கா?

போன மாதம் நாகர்கோவிலில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். இது உடம்பா மனசா என்று கேட்டேன். இரண்டும்தான் என்றார். மூட்டு வீங்குவது நிஜம். வலிக்குமே என்ற பயமும் நிஜம். பயந்து நடக்காமல் இருந்தால் தசை வற்றும், தசை வற்றினால் வலி கூடும், வலியோடு பயமும் கூடும். வீக்கம் வடிந்த பிறகும் ஆளை முடக்கிப் போட அது போதுமாம். மனசுக்கும் பங்கு உண்டு என்றால் வலி பொய் என்று ஆகாது என்றார். நல்லா இருக்கிற நாளில் ஒரேயடியாக வேலை செய்துவிட்டு நாலு நாள் படுத்துவிடுவதும் இந்த நோய்க்காரர்களிடம் சாதாரணமாம். மாத்திரை வேண்டும், தினமும் அளந்து கொஞ்சம் நடை வேண்டும், பயத்தைச் சொல்ல ஓர் ஆளும் வேண்டும். கம்பைப் பிடித்து நடந்தாலும் அது நடைதான் என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். தன் நோய்க்காக அழுகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"வீட்ல நீங்க சொன்னா நம்புறதுக்கு யாரு இருக்கா?" என்று கேட்டார்.

யார் இருக்கிறார்கள்? துபாயில் இருக்கிற மகன் வீடியோவில் வரும்போதெல்லாம், எல்லாம் மனசுதான் அம்மா, தைரியமாக இருங்கள் என்கிறான். பெரியம்மாவுக்கு என்ன நோய் என்று அவன் கேட்டபோது அப்படிச் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே. டாக்டரம்மா சொன்னது எனக்கு நன்றாக விளங்குகிறது. விளங்கி என்ன செய்ய? உனக்கு இனி அது உதவாது. எனக்கும் முழுசாகக் குணமாகும் என்று அவர் சொல்லவில்லை.

நேற்றுக் காலை கம்பு இல்லாமல் நடக்க முடியவில்லை. லாஃப்டுக்குக் கீழே போய் நின்றேன். கை தோளுக்கு மேல் எழவில்லை. ஸ்டூலில் ஏறப் பயம். கைப்பிடியில் நீ சுற்றியிருந்த பச்சைத் துணி மட்டும் கீழிருந்து தெரிகிறது.

அடுத்த வாரம் அசனம். காய் அரிய என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குள் பக்கத்து வீட்டு ரோஸ்லியைக் கூப்பிட்டுக் கம்பை எடுத்துத் தரச் சொல்லுவேன். இது ஏன் மேலே கிடக்கிறது என்று கேட்பாள். அக்காவிடமிருந்து நான்தான் பிடுங்கிப் போட்டேன் என்று சொல்லுவேன். கோயில் வளாகத்தில் எல்லார் முன்னாலும் அதையே சொல்லுவேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு. கம்பை மடியிலேயே வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அரிந்துவிட்டு எழுந்துவிடுவேன். நடிக்கிறாள் என்று யாராவது சொல்லுவார்கள். சொல்லட்டும் அக்கா, நானும் உன்னை அப்படித்தான் சொன்னேன்.

உன் காலை நம்பாத தங்கச்சி,
சுகிர்தா