சவரக் கடையில் ஒரு ஓட்டு

லிண்டால், மினசோட்டா
மார்ச் 9, 1911

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

இப்படி அழைத்தால்தானே உங்களுக்குப் பிடிக்கும்?

நேற்று உங்கள் தம்பி ஆர்விடும் நானும் சொல்லாமல் ரயிலேறி வந்து சட்டமன்றப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தோம். மர ஆலை ரம்பங்களுக்குக் கட்டாயம் மூடி போட வேண்டும் என்ற உங்கள் மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. ரம்பத்தில் வலது கை போன இவனை மேடைதோறும் நிறுத்திக் காட்டித்தானே ஜெயித்தீர்கள்! உங்கள் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். உங்கள் நாற்காலி காலி.

பக்கத்திலிருந்த பெண்மணி சிரித்தார். "அவரா? ஆலை முதலாளிங்களுக்குப் பிடிக்காத ஓட்டுன்னா கீழே சவரக் கடைக்குப் போயிடுவாரு. எங்கிருந்துதான் அவ்வளவு தாடி முளைக்குதோ!"

ஒரே ஓட்டு குறைந்து மசோதா தோற்றது.

கீழே வந்தோம். கண்ணாடிக் கதவுக்குள்ளே, முகமெல்லாம் நுரையோடு கண்ணை மூடிச் சாய்ந்திருந்தீர்கள். நாலு வார்த்தை கேட்டுவிடத்தான் கதவில் கை வைத்தேன். ஆர்விட் தடுத்தான்.

"விடுங்க அண்ணி, ரயிலுக்கு நேரமாச்சு."

கை போனதிலிருந்து சனிக்கிழமைதோறும் அவனுக்கு நீங்கள்தானே சவரம் செய்துவிடுகிறீர்கள்? இந்தச் சனிக்கிழமை அதற்காக மெனக்கெட்டு வர வேண்டாம். தாடி வளர்க்கப் போகிறானாம்.

இப்படிக்கு,
ஓட்டுப் போடும் உரிமையே இல்லாத
உங்கள் மனைவி