வேப்பமரத்தடியில் வண்டி நிற்கவில்லை, சரசு

அன்புச் சரசு,

'அவையோரே, தாய்மாரே' என்று தொடங்கியே பழகிய நாக்கு எனக்கு. இன்று என் அவை நீ ஒருத்திதான். மற்றவர்கள் கேட்டால் கேட்கட்டும். நம் மகளிர் மன்றத்தார் மட்டும் கேட்டே ஆக வேண்டும். என் முறையீடு இது: காஞ்சிபுரம் போய்த் திரும்பும் வழியில், உன் புத்தர் அமர்ந்திருக்கும் வேப்பமரத்தடியில், இந்த ஆண்டு மன்றத்தின் வண்டி நிற்கவில்லை. இனி எந்த ஆண்டும் நிற்காதாம்.

திருமணத்தன்று உனக்குக் 'கலைமகள்' என்று பெயர் மாற்றினேன். "மேடையில அப்பிடியே சொல்லிக்கினு இருங்க. வூட்ல நான் சரசுதான்" என்றாய். புலவரிடம் பயின்ற என் தமிழும், சைதாப்பேட்டையில் பிறந்த உன் தமிழும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்ததைப் பார்த்துத் தியாகராய நகரில் நம் தெருவே சிரித்தது. ஊரெல்லாம் சொற்போரில் வென்றவன், அடுக்களை வாசலில் ஒருநாளும் வென்றதில்லை.

முதல் காஞ்சிச் சுற்றுலா நினைவிருக்கிறதா? மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்த புதிது. கயிலாசநாதர் கோயிலுக்குள் மட்டும் உன்னோடு வந்தேன். "சிற்பம் பார்க்க வருகிறேன், கடவுளைப் பார்க்க அல்ல" என்று வாயிலிலேயே அறிவித்தேன். "சரி சரி, சாமியும் உங்களப் பாக்கல, வாங்க" என்றாய். மணற்கல் தூண்களில் பின்னங்கால் ஊன்றி நின்ற சிங்கங்களைத் தடவிப் பார்த்தபடி இருவரும் சுற்றி வந்தோம்.

மற்றக் கோயில்களில் நான் வெளியே நின்றேன். உள்ளே போன பெண்களின் செருப்புகள் அத்தனையும் என் பொறுப்பு. என்னைப் போலக் காவல் நின்ற கணவன்மார் சிலருக்கு, கோபுர நிழலிலேயே பகுத்தறிவு பற்றிப் பேசினேன். என் வாழ்நாளில் ஒருவர்கூட எழுந்து போகாத கூட்டம் அதுதான். எழுந்து போனால் செருப்புப் போய்விடும்!

திரும்பும் வழியில், ஊர் எல்லை தாண்டியதும், வண்டியின் சக்கரம் வெடித்தது. ஒரு வேப்பமரம், ஒரு தேநீர்க் கடை. கடைக்குப் பின்னால், பருத்த அடிமரத்தில் முதுகு சாய்த்தாற்போல் அவர் அமர்ந்திருந்தார். மூக்கு உடைந்த புத்தர். அவர் தோளில் கடைக்காரரின் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

எனக்குக் கேட்கவா வேண்டும்? கடல் கடந்தும் அறிஞர்கள் தேடிவந்த புத்தப் பள்ளிகள் இருந்த ஊரய்யா இது என்று முழங்கத் தொடங்கினேன். கடவுளை வணங்கச் சொல்லாத அறிவன், கடவுளே அல்லாத மனிதன் என்று நான் உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கையில், நீ அந்தத் துண்டை எடுத்து மடித்துக் கடைப்பலகையில் வைத்தாய். உன் கொண்டையில் இருந்த மல்லிகைச் சரத்தைக் கழற்றி அவர் மடியில் போட்டாய்.

மன்றச் செயலாளர் தங்கம்மாள் பதறிப்போனார். "ஏட்டி சரசு! தலையில வச்ச பூவச் சாமிக்கு வைப்பாவளா?"

"இவரு சாமி இல்லன்னு எங்க வூட்டுக்காரரு தொண்டை கிழியக் கத்துறாரே, காதுல வுழலியாக்கா? சாமி இல்லன்னா மனுசன். மனுசனுக்கு வச்சிக்கினு இருந்த பூவக் குடுத்தா இன்னா தப்பு?"

என் கொள்கையை என் கையிலிருந்தே பிடுங்கி, என் கண்முன்னே பூவாக்கிவிட்டாய்.

அன்றிலிருந்து அது வழக்கமானது. கடவுளருக்குச் சூடாத பூ, மரத்தடி மனிதருக்குச் சூடிய பூ. பெண்கள் இறங்கி, வாடத் தொடங்கிய சரங்களை அவிழ்த்து அவர் மடியில் போட்டுவிட்டு வருவார்கள். "மனுசனப் பாக்கச் செருப்பக் கழட்டணுமா?" என்று அதற்கும் நீயே விலக்களித்தாய். அதனால் அங்கே எனக்குக் காவல் வேலை இல்லை. உன் பக்கத்தில் நின்று தேநீர் குடிக்கலாம்.

ஒன்றுமட்டும் எனக்கு விளங்காமல் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் உன் சரத்தைப் பல்லால் கடித்துப் பாதியாக்குவாய். ஒரு பாதி அவர் மடிக்கு. மறு பாதியைக் கைக்குள் பொத்திக்கொண்டு மரத்தின் பின்பக்கம் போவாய். எதற்கு என்று கேட்டால், "அந்தாண்ட பாருங்க, டீ ஆறுது" என்பாய்.

இனி இந்த ஆண்டுக் கதை. நீ போன பிறகு வந்த முதல் தை. நான் வரவில்லை என்றேன், தங்கம்மாள் விடவில்லை. "அண்ணாச்சி, செருப்ப யாரு பாத்துக்கிடுவா?" என்று சிரிக்க முயன்றார், கண் கலங்கியது. போனேன். கயிலாசநாதர் கோயிலைத் தனியாகச் சுற்றினேன். உள்ளே நுழையும்போது எதையும் அறிவிக்கவில்லை. கேட்டுச் சிரிக்க நீ இல்லையே.

பட்டுக்கடைகளில் பொழுது போய்விட்டது. ஊரைத் தாண்டியதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "இன்னா தலைவரே, மரம் வருது. நிக்கவா, போய்க்கினே இருக்கவா?"

"நிக்காண்டாம் தம்பி, போ" என்றார் தங்கம்மாள். பிறகு என்னிடம், "கோவிச்சுக்காதிய அண்ணாச்சி. சரசுக்காவ நின்னோம். இப்ப மூக்கில்லாத கல்லப் பாக்க யாரு எறங்கப் போறா? அடுத்த வருசத்துல இருந்து அந்த நேரத்தையும் கடைக்கே வச்சுக்கிடலாம்னு எல்லாரும் சொல்லுதாவ."

எழுந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆடும் வண்டியில் நின்று பேசினேன். நன்றாகவே பேசினேன், சரசு. பழைய காஞ்சியைச் சொன்னேன், உன்னைச் சொன்னேன். தங்கம்மாள் கை தூக்கச் சொன்னார். உயர்ந்தது என் கை மட்டும்.

"எனக்கு ஓட்டு கீதா?" என்றார் ஓட்டுநர்.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார் தங்கம்மாள்.

எல்லோரும் சிரித்தார்கள். மரம் சன்னலைக் கடந்து பின்னால் போயிற்று.

சென்னைக்குள் வந்ததும், தன் இடத்தில் இறங்க எழுந்த ஒருத்தி என்னருகில் நின்றாள். அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன், ஊர் கேட்டுக்கொண்டிருக்கிறது. உனக்குத் தெரியும். அந்த வண்டியில் பூ வைக்காத தலைகள் ஒன்றிரண்டல்ல. அவற்றில் ஒன்று என்று படிப்போர் அறிந்தால் போதும். வாழையிலையில் கட்டிய ஒரு பொதியை என் கையில் வைத்தாள்.

"அக்கா படத்துக்குப் போட்டுடுங்கண்ணே."

"நீயே வாங்கினாயா, அம்மா?"

தலையசைத்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அக்கா இருந்தா மரத்துப் பின்னால நிக்க வச்சி, ஒரு நிமிசம் என் தலையில வச்சி வுட்டிருக்கும். அப்பாலதான் அவருக்குக் குடுப்போம். சூடாத பூவ அவரு வாங்க மாட்டாருன்னு அக்கா சொல்லும்."

கணவன் இறந்ததும் அவள் தலையிலிருந்து எடுத்த பூவை, ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு கல்லின் பேரைச் சொல்லி நீ திருப்பி வைத்திருக்கிறாய்.

அவள் ஏன் கை தூக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. தூக்கினால் 'உனக்கு அங்கே என்ன வேலை?' என்று யாரேனும் கேட்பார்களே. அவள் என்ன சொல்வாள்?

கைம்பெண்ணின் கூந்தலிலிருந்து பூவைப் பறிக்கும் கொடுமையைச் சாய்ப்போம் என்று மயிலை மாங்கொல்லைக் கூட்டங்களில் நான் முழங்கியபோதெல்லாம் நீ ஓரமாக நின்று கேட்டிருக்கிறாய். மரத்தடியில் நடப்பதை மட்டும் சொன்னதில்லை. ஏன், சரசு? அவளை மேடையேற்றி எடுத்துக்காட்டாக்கிவிடுவேன் என்று அஞ்சினாயா? அஞ்சியது சரிதானோ?

அதனால் இம்முறை அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். தேடிப் போய், "எழுதட்டுமா?" என்றேன். "பேரு போடாம எழுதுங்கண்ணே" என்றாள்.

இலைப்பொதி உன் படத்தருகே இருக்கிறது. நான் பிரிக்கவில்லை. அது உனக்கு வந்த பூவன்று. யார் தலையிலும் ஏறாமல் திரும்பிவந்த பூ. நானே கொண்டுபோய் அவர் மடியில் வைக்கலாம். வைத்து என்ன பயன்? பூ அவரைச் சேர்வதா வழக்கு?

தங்கம்மாள் அவர்களே! மன்றத்துத் தாய்மாரே! வரும் ஞாயிறு கூடி இந்த முடிவை எழுத்தில் ஏற்றப் போகிறீர்கள். ஏற்றாதீர்கள். சரசுவுக்காக நின்றோம் என்றீர்கள். சரசு யாருக்காக நின்றாள் என்று இப்போது தெரிந்துகொண்டீர்கள். அடுத்த தை வரை தள்ளவும் வேண்டாம். கோயில் இல்லை, கடை இல்லை, மரத்தடி மட்டும் என்று ஓட்டுநரிடம் சொன்னேன். "அவ்ளோதானா? ஏறு தலைவரே" என்கிறார். கூட்டம் முடிந்த கையோடு வண்டியில் ஏறுங்கள். பூ வைத்த பெண்களே, உங்கள் சரத்தைக் கடித்துப் பாதியாக்குங்கள். பக்கத்தில் நீளும் கையில் வையுங்கள். யார் கை என்று பார்க்காதீர்கள். வண்டியை நிறுத்துங்கள்!

நானும் வருவேன், சரசு. தேநீர் ஆறிப்போனாலும், நீ சொன்னபடி, அந்தாண்ட பார்த்துக்கொண்டே நிற்பேன்.

செருப்புக்குக் காவல் நின்ற,
உன் வீட்டுக்காரன்